டீபேக்: சொல்லும் பொருளும்

பி.எட். பயிலும் மாணவ ஆசிரியர்கள் கற்பித்தலில் தொழில்நுட்பத்தைப் பற்றிப் படிக்கும்போது எதிர்கொள்ளும் சொல் டீபேக் (TPACK). பாடப்பொருளை அறிவதும், அதைக் கற்பிக்க அறிவதும், அதற்கேற்ற கருவியை அறிவதும் ஒன்றோடொன்று கலந்து ஆசிரியரிடம் உருவாகும் அறிவை அது குறிக்கிறது. கணினியை இயக்கத் தெரிவது மட்டும் டீபேக் ஆகாது.

இதன் வேர் 1986-இல் உள்ளது. பாடத்தை அறிவது வேறு, அப்பாடத்தில் மாணவர் எங்கே இடறுவர், எந்த எடுத்துக்காட்டு அவர்களுக்கு விளங்கும் என்று அறிவது வேறு என்றும், பின்னதே ஆசிரியருக்கு உரிய தனியறிவு என்றும் அமெரிக்கக் கல்வியியல் அறிஞர் லீ ஷுல்மன் அவ்வாண்டு எழுதினார். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் புன்யா மிஸ்ராவும் மாத்யூ கோலரும் 2006-இல் அதனோடு தொழில்நுட்பத்தை இணைத்தனர். தொழில்நுட்பம், கற்பித்தல், பாடப்பொருள், அறிவு என்பவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளால் ஆகி முதலில் வழங்கிய ‘டி.பி.சி.கே.’ (TPCK) என்ற சுருக்கம் நாவில் புரளவில்லை. ஆகவே பின்னர் நம் ‘உம்’ போன்ற ‘and’ என்ற ஆங்கில இணைப்புச் சொல்லின் முதலெழுத்தை இடையில் சேர்த்து டீபேக் ஆக்கினார்கள். உச்சரிப்புக்காகச் சேர்ந்த அந்த எழுத்தே கருத்தின் உயிர்நாடி என்பேன். மூன்றும் சேர்ந்தால்தான் பொருள் நிறைவுறும்.

கோணங்களைப் பாடமாக நடத்தும் ஒரு மாணவ ஆசிரியரை எண்ணிப் பாருங்கள். ஜியோஜீப்ரா என்னும் கணித மென்பொருளின் திரையில் ஒரு முக்கோணத்தின் முனையைப் பிடித்து இழுக்கிறார். மூன்று கோணங்களும் மாறுகின்றன, கூட்டுத்தொகை மட்டும் 180 பாகையிலேயே நிற்கிறது. இதை வெறுமனே காட்டி முடித்தால் அது கருவியறிவு. முக்கோணம் பெரிதானால் கூட்டுத்தொகையும் கூடும் என்று பிள்ளைகள் தவறாக நம்புவதை முன்பே அறிந்து, “இழுத்தால் கூடுமா, குறையுமா?” என்று கேட்டு, அவர்கள் விடையை நோட்டில் எழுதிய பிறகே முனையை இழுத்தால் அது டீபேக். கருவியைத் தனித் தாளாகவும் பாடம் கற்பிக்கும் முறையை வேறு தாளாகவும் படித்துத் தேறிய ஒருவருக்கு இந்த இணைப்பு தானே வந்துவிடாது. கற்பித்தல் பயிற்சிக்குச் செல்லும் வகுப்பறையில், பாடக்குறிப்பு எழுதும்போதே அது பழகவேண்டும்.

தமிழில் ‘தொழில்நுட்பக் கற்பித்தல் பாடப்பொருள் அறிவு’ என்று எழுதுவது சொல்லுக்குச் சொல் வைத்த பெயர்ப்பு. எது எதனோடு சேர்கிறது என்பது அதில் தெரிவதில்லை. இக்கருத்தின் பாதி நமக்குப் புதிதும் அன்று. பாடம் சொல்லும் முறையைக் கூறும் நன்னூல், ‘கொள்வோன் கொள்வகை அறிந்து அவன் உளங்கொள’ என்கிறது; கற்பவன் ஏற்கும் வகையை அறிந்து, அவன் மனத்தில் பதியும்படி என்பது பொருள். ஷுல்மன் சொன்ன தனியறிவுக்கு இதனினும் நெருங்கிய தொடரை நான் அறியேன். எனவே ‘தொழில்நுட்பம் இயைந்த பாடம் பயிற்றறிவு’ என்பதையே பரிந்துரைக்கிறேன். ‘இயைந்த’ என்பது கலப்பைச் சொல்கிறது. ‘பயிற்றறிவு’ என்பது ஷுல்மனின் தனியறிவைத் தாங்குகிறது. முதல் முறை முழுத்தொடரை எழுதி, அடுத்தடுத்த இடங்களில் ‘இயைந்த பயிற்றறிவு’ என்று சுருக்கிக்கொள்ளலாம். ‘தொழில்நுட்ப அறிவு’ என்று மட்டும் சுருக்குவது பிழை.