ஊசிக்குப் பொருந்தாத ‘புட்’

வெளிநாட்டு மருத்துவமனைகளுக்குச் செல்ல விரும்பும் செவிலியர்களுக்கு ஆங்கிலப் பயிற்சி அளித்துவரும் நான், தமிழில் ‘போடு’ என்று வரும் இடமெல்லாம் ‘புட்’ என்று அவர்கள் சொல்லிவிடுவதை ஒவ்வொரு வகுப்பிலும் காண்கிறேன். நாம் ஊசி போடுகிறோம், தையல் போடுகிறோம், டிரிப்ஸ் போடுகிறோம், கையெழுத்தும் போடுகிறோம்; ஆங்கிலமோ இவற்றுள் சிலவற்றுக்கு மட்டுமே அந்த வினையை ஏற்கிறது.

ஊசிக்கு ‘கிவ் அன் இன்ஜெக்‌ஷன்’ என்பதே வழக்கு. கையெழுத்துக்கு ‘சைன்’ போதும். தையலுக்கு ‘புட் இன் ஸ்டிச்சஸ்’ என்பது முற்றிலும் சரி. ஒருவர் உடம்பு போட்டுவிட்டார் என்பதற்கும் ‘புட் ஆன் வெயிட்’ என்று அதே வினைதான் வருகிறது. டிரிப்ஸ் விஷயத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்: தமிழில் நோயாளிக்கு டிரிப்ஸ் போடுகிறோம், ஆங்கிலத்தில் ‘வி புட் ஹிம் ஆன் எ டிரிப்’ என்று நோயாளியே செயப்படுபொருளாகிவிடுகிறார். ஆக்சிஜன், ஆன்டிபயாட்டிக் ஆகியவற்றைத் தொடங்கும்போதும் இதே அமைப்புதான் என்பதால், இந்த ஒன்று பிடிபட்டால் வார்டுப் பேச்சில் பெரும்பகுதி எளிதாகிவிடும்.

மிகுந்த எச்சரிக்கை தேவைப்படுவது ‘புட் டவுன்’ என்பதற்கு. நோயுற்ற வளர்ப்பு நாயைக் கருணைக்கொலை செய்வதையும் ஆங்கிலேயர் இவ்வாறே சொல்வார்கள். குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவதற்கு இத்தொடர் இயல்பானதுதான். ஆனால் முதியவரைப் படுக்க வைத்ததை அவருடைய மகளிடம் ‘வி புட் யுவர் ஃபாதர் டவுன்’ என்று சொன்னால் அவர் அதிர்ந்துபோவார். ‘வி ஹெல்ப்ட் ஹிம் பேக் இன்டு பெட்’ என்று சொல்லுங்கள்.

ஒரு சொல்லை அதனுடன் கூடி வரும் சொற்களைக் கொண்டே அறியலாம் என்று பிரிட்டிஷ் மொழியியலாளர் ஜே. ஆர். ஃபிர்த் 1957இல் எழுதினார். ஆகவே ‘புட் என்றால் போடு’ என்று மனப்பாடம் செய்வதை விட்டு, வார்டில் அன்றாடம் கையாளும் பொருளின் பெயரை முதலில் எழுதி, அதற்குரிய வினையைப் பக்கத்தில் குறித்துக்கொள்ளும்படி என் மாணவிகளை வற்புறுத்துகிறேன். பிரிட்டனின் செவிலியர் பதிவுக்கு ஏற்கப்படும், மருத்துவப் பணியாளர்களுக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடியின் பேச்சுப் பகுதியில், ஐந்து ஐந்து நிமிட உரையாடல்கள் இரண்டில் நோயாளியுடனோ உறவினருடனோ பேச வேண்டியிருக்கும். அங்கே மொழிபெயர்த்துப் பார்க்க அவகாசம் இருக்காது. எழுத்துப் பகுதியில் இன்னொரு கவனமும் தேவை: சிறுநீர்க் குழாய் போட்டதைப் பேச்சில் ‘புட் இன் எ கெதீட்டர்’ எனலாம், மருத்துவருக்கு எழுதும் கடிதத்தில் ‘இன்சர்ட்டட்’ என்பதே பொருத்தம்.