ஊசி குத்தினால் அன்றைக்கே எழுதி வையுங்கள்

ஆஸ்பத்திரியில் தொற்றுத் தடுப்பு வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் கவனித்திருப்பார்கள். பயன்படுத்திய ஊசி தன் கையில் குத்திவிட்டால் டாக்டர் உடனே ரத்தப் பரிசோதனைக்கு வந்துவிடுவார். சிஸ்டர்களும் அநேகமாக வந்துவிடுவார்கள். குப்பைப் பையைத் தூக்கும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்தான் குழாயில் கையைக் கழுவிவிட்டு அடுத்த வார்டுக்குப் போய்விடுவார். கேட்டால், "சொன்னா சூப்பர்வைசர் திட்டுவாரு, வேலைய விட்டு நிறுத்திட்டா என்ன பண்றது?" என்பார்.

சட்டம் அவரையும் சேர்த்துத்தான் பேசுகிறது. 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் 2018 செப்டம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. வேலையின்போது தொற்று ஏற்பட வாய்ப்புள்ள ஊழியர்களுக்குக் கையுறை போன்ற பாதுகாப்பு, பயிற்சி, தடுப்பு மருந்து மூன்றையும் தருவது நிர்வாகத்தின் கடமை என்கிறது அதன் 19-ஆவது பிரிவு. நிரந்தரமா, ஒப்பந்தமா என்று அது பிரித்துப் பார்க்கவில்லை. இவையெல்லாம் இங்கே கிடைக்கும் என்று ஊழியர்களிடம் சொல்லிவைப்பதும் அதே பிரிவில் கடமைதான். பல இடங்களில் கோட்டை விடுவது இதில்தான்.

2016-இல் வந்த மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் இன்னும் ஒரு படி போகின்றன. கழிவைக் கையாளும் எல்லோருக்கும் ஹெபடைடிஸ் பி (கல்லீரலைத் தாக்கும் வைரஸ் நோய்), டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டும். வேலைக்குச் சேரும்போதும் பிறகு ஆண்டுதோறும் உடல் பரிசோதனை செய்ய வேண்டும். எல்லோரும் பயப்படுவது எச்.ஐ.வி.க்கு. ஆனால் எச்.ஐ.வி. உள்ளவருக்குப் போட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம். ஹெபடைடிஸ் பி-க்கோ, தடுப்பூசி போடாதவருக்கு அது 6 முதல் 30 சதவீதம் வரை. மூன்று தவணை ஊசியில் தடுக்கக்கூடிய நோய் இது!

அதே விதிகளில் ஒரு நுணுக்கம் உண்டு. 'பெரிய விபத்து' என்றால் 24 மணி நேரத்துக்குள் அறிக்கை போக வேண்டும். ஊசிக் குத்து அந்தக் கணக்கில் வராது. ஆனால் ஜூன் 30-க்குள் அனுப்பும் ஆண்டறிக்கையில் அதைக் காட்டியாக வேண்டும். அதில் 'ஒன்றுமில்லை' என்று எழுதும் பெரிய ஆஸ்பத்திரியை நான் நம்புவதில்லை. அங்கே குத்தாமல் இல்லை, யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சரி, குத்திவிட்டது. சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். பிதுக்க வேண்டாம், விரலை வாயில் வைக்க வேண்டாம், ஸ்பிரிட் ஊற்றித் தேய்க்க வேண்டாம். உடனே டியூட்டி டாக்டரிடம் போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவை என்றால் முதல் மாத்திரையை 2 மணி நேரத்துக்குள் போடுவது நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. மொத்தம் 28 நாள். அந்த ஊசி போடப்பட்ட நோயாளியின் ரத்தத்தையும் சோதிக்க வேண்டியிருக்கும், ஆனால் அவர் சம்மதத்தோடுதான். முடிவு வரட்டும் என்று மாத்திரையைத் தள்ளிப்போடக் கூடாது.

அப்புறம் பதிவேடு. ஆஸ்பத்திரி வேலையில் வரும் தொற்றுநோய்கள், வேலையால் வரும் நோய்க்கு இழப்பீடு தரச் சொல்லும் சட்டத்தின் தொழில்சார் நோய்ப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் நாளைக்கு நோய் வந்தால், அது வேலையில்தான் வந்தது என்று காட்ட அன்றைய பதிவும் அன்றைய ரத்தப் பரிசோதனை முடிவும் வேண்டும். ஒப்பந்த நிறுவனத்தின் நோட்டில் மட்டும் எழுதினால் போதாது. ஆஸ்பத்திரிப் பதிவேட்டிலும் தேதி, நேரம், வார்டு, எப்படிக் குத்தியது என்று எழுதச் சொல்லி, உங்கள் பரிசோதனைச் சீட்டின் நகலை வாங்கி வீட்டில் பத்திரமாக வையுங்கள்.