டேமேஜ் ஸ்பெல்: ஊறுசெய் மந்திரம்

பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டுகளில், எதிரியின் உயிர்ப்புள்ளிகளைக் குறைப்பதையே நோக்கமாகக் கொண்ட மந்திரத்தை ஆட்டக்காரர்கள் ‘டேமேஜ் ஸ்பெல்’ என்கிறார்கள். இதற்குத் தமிழில் ‘சேத மந்திரம்’, ‘காய மந்திரம்’ என்றெல்லாம் எழுதிவிடலாம் என்று தோன்றும். இரண்டுமே பொருந்தாதவை என்பதற்கு அந்த மந்திரம் ஆட்டத்தில் இயங்கும் முறையே சான்று.

முதலில் ‘ஸ்பெல்’. பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லுக்குப் பேச்சு, கதை, செய்தி என்பனவே பொருள். நற்செய்தியைக் குறிக்கும் ‘காஸ்பெல்’ என்ற சொல்லின் பின்பாதியில் இருப்பதும் இதுவே. மந்திரச்சொல் என்ற பொருள் பிற்காலத்தில் ஏறியது. எழுத்துக்கூட்டுதலைக் குறிக்கும் ‘ஸ்பெல்’ பழைய பிரெஞ்சு வழியாக வந்து சேர்ந்த உறவுச்சொல். ‘மந்திரம்’ என்பதோ, நினைத்தலைக் குறிக்கும் ‘மன்’ என்ற வடமொழி வேரிலிருந்து வந்தது. ஆயினும் தொல்காப்பியச் செய்யுளியல் அதைப் பேச்சாகவே வரையறுக்கிறது: ‘நிறைமொழி மாந்தர் ஆணையிற் கிளந்த மறைமொழி தானே மந்திரம் என்ப’. வாய் கட்டப்பட்ட மந்திரவாதியால் ஒலிக்கூறு உடைய மந்திரங்களைச் செய்ய இயலாது என்ற ஆட்டவிதியோடு இந்த வரையறை நன்றாகவே ஒத்துப்போவதால், ‘ஸ்பெல்’லுக்கு மந்திரம் என்பதை நிறுத்திக்கொள்வதில் தடையில்லை.

சிக்கல் ‘டேமேஜ்’ என்பதில்தான் இருக்கிறது. 1974இல் முதன்முதலில் வெளிவந்த டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பை (2014) எடுத்துக்கொள்வோம். அதில் மூன்றாம் நிலை மந்திரமான ஃபயர்பால், அதாவது தீக்கோளம், 150 அடித் தொலைவுக்குள் ஓர் இடத்தில் வெடித்து 20 அடி ஆரத்துக்குள் நிற்கும் எல்லாரையும் தாக்குகிறது. ஐந்தாம் நிலையில் உள்ள ஒரு மந்திரவாதிக்கு அறிவுத்திறன் 18 என்றால், அவருடைய மந்திரத்தின் கடினம், அதாவது அதிலிருந்து தப்ப எட்டவேண்டிய எண், அடிப்படையான 8, தேர்ச்சிக்கான 3, அறிவுத்திறனுக்கான 4 என்பவற்றின் கூட்டுத்தொகையான 15. ஆரத்துக்குள் 7 உயிர்ப்புள்ளி கொண்ட கோப்லின் என்னும் குட்டிப்பூதம் ஒன்றும், 59 புள்ளி கொண்ட ஓகர் என்னும் அரக்கனும் நிற்பதாக வைத்துக்கொள்வோம். மந்திரவாதி எட்டு அறுமுகப் பகடைகளை உருட்டுகிறார்: 6, 4, 4, 3, 2, 5, 1, 6. மொத்தம் 31. தாக்கப்படுவோர் தத்தமக்கு ஓர் இருபதுமுகப் பகடையை உருட்டி, தம் சுறுசுறுப்புக்குரிய எண்ணைச் சேர்க்கவேண்டும். 15ஐ எட்டினால் பாதி, எட்டாவிட்டால் முழுமை. கோப்லினுக்கு 14 விழுந்து, அதனுடன் 2 சேர்ந்து 16 ஆகிறது. தப்பியும் பயனில்லை, பாதியான பதினைந்தரையில் பின்னம் கழிந்து 15 போக, இருந்த ஏழும் தீர்ந்துவிடுகிறது. ஓகருக்கு 11 விழுகிறது. அதன் சுறுசுறுப்புக்குரிய எண் கழித்தல் ஒன்று என்பதால் 10 ஆகிறது, ஆகவே 31 முழுதும் இறங்கி 28 எஞ்சுகிறது.

அந்த 28 புள்ளிகளோடு நிற்கும் ஓகர், 59 புள்ளிகளோடு நின்றபோது அடித்த அதே வலுவோடு அடுத்த முறையும் அடிக்கிறது. கை தளர்வதில்லை, நடை குறைவதில்லை. புள்ளி சுழியத்தைத் தொடும்வரை உடலில் எதுவும் மாறவேண்டும் என்ற விதி இல்லை. ‘காயம்’ என்றால் உடம்பில் புண் இருக்கவேண்டும் என்பதால் அச்சொல் இங்கே விலகுகிறது. ‘சேதம்’ வெட்டுதல் என்ற வடமொழிப் பொருளிலிருந்து வந்தது. ‘சிரச்சேத’த்தில் அந்த வெட்டு இன்னும் இருக்கிறது. இன்றைய வழக்கில் பயிர்ச்சேதம், பொருட்சேதம் எனப் பொருள்களின் இழப்பையும், உயிர்ச்சேதம் எனச் சாவையும் அது சுட்டுவதால், சாகாமல் நிற்கும் ஓகருக்கு 31 சேதம் என்பது இரு பக்கமும் ஒட்டவில்லை.

‘ஊறு’ ஒட்டுகிறது. ‘பெறு’ என்பது ‘பேறு’ ஆனதுபோல ‘உறு’ என்ற வினை நீண்டு வந்த பெயர் இது. ‘சுவைஒளி ஊறுஓசை நாற்றம்’ என்ற குறளில் தொடுவுணர்வைக் குறிப்பதும், ‘ஊறு விளைவித்தல்’ என்ற இன்றைய வழக்கில் தீங்கைக் குறிப்பதும் இச்சொல்தான். வந்து தொட்டது, அதனால் இழப்பு நேர்ந்தது என்ற இரண்டையும் அது தாங்குகிறது. புண்ணா இல்லையா என்று கேட்பதில்லை. தீயூறு, குளிரூறு, நச்சூறு என வகை பிரிக்கவும் எளிது. ஆனால் ‘ஊறுமந்திரம்’ என்று சேர்த்தெழுதினால் வினைத்தொகையாகி, தண்ணீரில் ஊறுகின்ற மந்திரம் என்று படிப்பவர்களும் உண்டு! ஆதலால் ‘ஊறுசெய் மந்திரம்’ என்பதே என் தெரிவு.

மந்திரத்தைச் செயல்படுத்துவதை ஆங்கிலத்தில் குறிக்கும் ‘காஸ்ட்’ என்ற வினையை ‘எறி’ என்று பெயர்ப்பது தமிழாகாது. குணப்படுத்தும் மந்திரத்தை ஓதலாம். எதிரியை நோக்கிச் செல்வதை, கணையைப் போல, ஏவவேண்டும். அவ்வாறெனில் மேற்கண்ட ஆட்டம் இப்படிப் பதிவாகும்: ‘மந்திரவாதி தீக்கோளத்தை ஏவினார், கோப்லின் வீழ்ந்தது, ஓகருக்கு 31 தீயூறு.’