மின்பளுத் துலங்கல்

லைன்மேன் வாயில் ‘லோடு’. மின் இணைப்பு விண்ணப்பத்தில் ‘மின்பளு’. புத்தகங்களில் ‘மின்சுமை’. மூன்றுக்கும் பொருள் ஒன்று: மின்சாரம் வாங்கி ஓடும் கருவிகள், அவை இழுக்கும் திறன்.

ஆங்கில ‘லோடு’க்குப் பழைய பொருள் வழி, பயணம், பிறகு கொண்டுசெல்லுதல், அதன்பின் கொண்டுசெல்லும் பாரம். நம் ‘சுமை’ சுமத்தலிலிருந்து வந்தது. தலையில் சுருட்டி வைக்கும் சும்மாடும் அதே குடும்பம். இன்று இரண்டுமே மூட்டையைத்தான் நினைவூட்டுகின்றன. சுமப்பவர் தளர்ந்தாலும் மூட்டையின் எடை மாறாது. மின்பளுவோ மின்னழுத்தம் (வோல்டேஜ்) குறைந்தால் தானும் மாறும். எப்படி மாறும் என்று கணக்கில் எழுதுவதே ‘லோடு மாடலிங்’. அதற்குத்தான் இங்கே தமிழ்ச்சொல் தேடுகிறேன்.

230 வோல்ட் 207 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 1000 வாட் ஹீட்டர் 810 வாட்டுக்கு இறங்கிவிடும். தடை மாறாததால் திறன் அழுத்தத்தின் இருமடியைப் பின்பற்றும். இன்வெர்ட்டர் ஏசியும் செல்போன் சார்ஜரும் விட்டுக்கொடுப்பதில்லை. அதே திறனை எடுக்க மின்னோட்டத்தை 11 விழுக்காடு கூட்டிக்கொள்கின்றன. நடுவே, மின்னோட்டம் மாறாத வகை. இம்மூன்றையும் பங்கிட்டுக் கூட்டும் மாதிரிக்கு, மாறாத் தடைக்கு இசட், மின்னோட்டத்துக்கு ஐ, திறனுக்கு பி என்ற குறியீடுகளைச் சேர்த்து ‘ஜிப்’ என்று பெயர். மோட்டார் இதற்குள் சரியாக அடங்காது. அழுத்தம் மிகச் சரிந்தால் சுழல்வது நின்று, வழக்கத்தைவிட ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் இழுக்கும்.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை டோக்கியோ 1987 ஜூலை 23 அன்று கண்டது. கடும் வெயில். மதிய இடைவேளை முடிந்ததும் தேவை நிமிடத்துக்குச் சுமார் 400 மெகாவாட் வீதம் ஏறியது. 500 கிலோவோல்ட் மின்கட்டமைப்பில் அழுத்தம் இறங்க, புதுவகை ஏசிகள் திறனைக் குறைக்காமல் மின்னோட்டத்தைக் கூட்டின. அது அழுத்தத்தை இன்னும் கீழே தள்ளியது. சுமார் 8,000 மெகாவாட் அறுந்து, 28 லட்சம் நுகர்வோர் மின்சாரம் இழந்தார்கள்.

‘லோடு மாடலிங்’ என்பதை ‘சுமை மாதிரி’ என்று பெயர்த்தால் மூட்டைதான் மிஞ்சும். ‘மாதிரி’யும் சாம்பிளோ என்று மயங்க வைக்கும். உளவியல் பாடத்தில் ‘தூண்டல், துலங்கல்’ என்ற அழகான இணை ஏற்கெனவே இருக்கிறது. அழுத்த மாற்றம் தூண்டல். பளு காட்டும் மறுவினை துலங்கல். ஆகவே ‘மின்பளுத் துலங்கல்’ என்பதே என் பரிந்துரை. ‘மின்பளு’ கிலோவாட் அளவுக்கு அப்படியே இருக்கட்டும். ஹீட்டருக்கு இருமடித் துலங்கல், சார்ஜருக்கு மாறாத்திறன் துலங்கல் என்று வகைபிரித்துச் சொல்லவும் இது வளைந்துகொடுக்கிறது.