99.2 காய்ச்சலா, இல்லையா?

முதியோர் இல்லம் ஒன்றில் மாலைச் சுற்று. எண்பத்து நான்கு வயதுப் பாட்டிக்கு வெப்பமானி 99.2 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். நூறைத் தாண்டினால்தான் காய்ச்சல் என்பது நம் வீடுகளில் ஊறிப்போன கணக்கு. ‘காய்ச்சல் இல்லை’ என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்கள். அதே நோட்டைப் பத்துப் பக்கம் பின்னால் புரட்டிப் பார்த்தால் பாட்டியின் வழக்கமான வெப்பம் 97.0.

அப்படியென்றால் இது காய்ச்சல்தான். இத்தகைய இல்லங்களுக்காக அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர்கள் வகுத்த வரையறை மூன்று வழிகளைச் சொல்கிறது: வாயில் ஒரு முறை 100-க்கு மேல், அல்லது திரும்பத் திரும்ப 99-க்கு மேல், அல்லது அவரவர் வழக்கத்தைவிட 2 டிகிரிக்கு மேல் ஏற்றம். பாட்டி மூன்றாவது வழியில் வருகிறார்.

இயல்பான உடல் வெப்பம் என்று நாம் நம்பும் 98.6 என்ற எண், 1868-இல் லைப்ஸிக் நகர மருத்துவர் வுண்டர்லிக் பல்லாயிரம் நோயாளிகளின் அக்குளில் அளந்து வெளியிட்ட சராசரி. முதியவர்களுக்கு வெப்பம் சற்றுக் குறைவு என்று அவரே குறித்திருந்தார்; நாம் சராசரியை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

கிருமி நுழைந்ததும் எதிர்ப்பு அணுக்கள் வேதிப்பொருள்களால் மூளைக்குச் சேதி அனுப்புகின்றன. அங்கே ஹைப்போதலாமஸ் வெப்ப இலக்கை உயர்த்துகிறது. அதை எட்டுவதற்காக உடல் தோலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி வெப்பத்தை உள்ளே பிடித்துவைக்கிறது, தசைகளை நடுங்கவைத்துப் புதிதாகவும் உண்டாக்குகிறது. முதுமையில் சேதியும் மெலிவு, தசையும் குறைவு. நிமோனியாவே வந்தாலும் உடம்பு சுடாமல் இருக்கலாம். அதற்குப் பதிலாக அரை இட்லியோடு தட்டைத் தள்ளிவைப்பார், மகளை அக்கா என்று கூப்பிடுவார், நடந்து பழகிய அறையிலேயே விழுவார். ‘வயசாகிவிட்டது, அப்படித்தான்’ என்று கடந்துபோகிற இடம் இது. நோயாளி மோசமாவதை முன்கூட்டியே காட்ட பிரிட்டனில் 2017-இல் திருத்தப்பட்ட எச்சரிக்கை மதிப்பெண் முறையில், திடீரென வந்த மனக்குழப்பத்துக்கு ஓர் அறிகுறிக்கான உச்சமான 3 மதிப்பெண். நிமிடத்துக்கு 25 அல்லது அதற்கு மேல் மூச்சு வாங்கினாலும் அதே 3தான்.

மூச்சைத்தான் யாரும் எண்ணுவதில்லை. பதிவேட்டில் மூச்சுக்கான கட்டத்தில் மாதம் முழுக்க 20, 20, 20 என்று இருந்தால், அது நெஞ்சைப் பார்த்து எழுதியதல்ல, நேற்றைய வரியைப் பார்த்து எழுதியது. நுரையீரல் கெடும்போதும் ரத்தத்தில் அமிலம் ஏறும்போதும் மூளைத்தண்டு முதலில் மூச்சை வேகப்படுத்துகிறது. பல நேரம் மற்ற எண்கள் அசையும் முன்பே இது அசைந்துவிடும். ஆனால் மூச்சு தானாகவும் ஓடும், நாம் நினைத்தாலும் மாறும். ‘மூச்சை எண்ணப் போகிறேன் பாட்டி’ என்று சொன்ன நொடியே அது மாறிவிடும். அதனால் நல்ல செவிலியர்கள் நாடி பார்த்து முடித்த பிறகும் மணிக்கட்டை விடுவதில்லை. நாடி பார்ப்பதுபோலவே பிடித்துக்கொண்டு, போர்வை ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுகிறார்கள். இவ்வளவு நல்ல ஏமாற்று வித்தை மருத்துவத்தில் வேறில்லை என்பேன்.

நாடிக்கும் முழு நிமிடம் தேவை. முதுமையில் இதயத் துடிப்பு தாளம் தப்புவது சகஜம்; பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்கினால் கணக்கு தவறும். ரத்த அழுத்தத்துக்குத் தரும் அட்டெனோலால், மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரைகள் துடிப்பை ஏறவிடாமல் பிடித்துவைப்பதால், கடுமையான தொற்றிலும் நாடி 78 என்று சாதுவாக இருக்கக்கூடும்.

ரத்த அழுத்தத்தை உட்காரவைத்து மட்டும் பார்ப்பது பாதி வேலை. எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேலான ரத்தம் கால்பக்கம் இறங்குகிறது. கழுத்துத் தமனியில் உள்ள அழுத்த உணரிகள் இதை உடனே உணர்ந்து இதயத்தை விரட்ட வேண்டும், குழாய்களை இறுக்க வேண்டும். விறைத்துப்போன தமனியில் அந்த உணர்வு மந்தம். ஐந்து நிமிடம் படுக்கவைத்து ஒரு முறை, நின்ற பிறகு முதல் நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் ஒவ்வொரு முறை பார்க்க வேண்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால், இரவில் கழிவறைக்கு எழும்போது அவர் விழக்கூடியவர் என்று பொருள். கையில் சுற்றும் பட்டை சிறியதாக இருந்தால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். பேசினாலும் ஏறும், காற்றடித்துக்கொண்டே ‘சாப்பிட்டீர்களா பாட்டி’ என்று விசாரிக்கும் அன்பைச் சற்றுத் தள்ளிவைக்கலாம்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் சிவப்பும் அகச்சிவப்புமாக இரண்டு ஒளிகளைப் பாய்ச்சி, ரத்தம் எதை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்த்து ஆக்சிஜன் அளவைக் கணக்கிடுகிறது. சில்லிட்ட விரலில் தடுமாறும். கறுத்த தோலில் சற்றுக் கூட்டிக் காட்டவும் வாய்ப்புண்டு.

தோல் நிறம் இன்னோர் இடத்திலும் ஏமாற்றும். காலையில் உடம்பு துடைக்கும் நேரம்தான் உண்மையில் நாளின் பெரிய பரிசோதனை. கிடையாகக் கிடப்பவரின் எலும்புக்கும் மெத்தைக்கும் இடையே தோலின் நுண்குழாய்கள் நசுங்குவதால் படுக்கைப் புண் உருவாகிறது. முதல் அறிகுறி, விரலால் அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு என்று பாடநூல்கள் சொல்லும். நம் ஊர்ப் பாட்டிகளின் தோலில் அந்தச் சிவப்பைத் தேடினால் கிடைக்காது. இடுப்பின் பின்னெலும்பு, குதிகால், கணுக்கால் இவற்றைப் புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்: சுற்றியுள்ள தோலைவிடச் சூடா, குளிர்ச்சியா, கல்போல இறுகியிருக்கிறதா, களிமண்போலக் குழைகிறதா, தொட்டதும் முகம் சுளிக்கிறாரா. ஒன்றுக்கு ஆம் என்றாலும் அந்தப் பக்கமாகப் படுக்கவைக்காமல், குதிகாலை மெத்தையில் படாதபடி தூக்கிவைத்து, நோட்டில் இடத்தையும் நேரத்தையும் எழுத வேண்டும்.