அலிகரி: உருவகமா, பிறிது மொழிதலா?

காரைக்குடியில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கும் ஒரு தம்பி, போன மாதம் தன் ஆய்வுச் சுருக்கத்தைக் கொண்டுவந்து என் வீட்டுத் திண்ணையில் விரித்தார். சொந்த ஊர் தேவகோட்டைப் பக்கம். வீட்டில் தலைமுறை தலைமுறையாக மாதா கோயில் பழக்கம். நார்னியா என்ற கற்பனை உலகைப் பற்றிச் சிறுவர் கதைகள் எழுதிய சி.எஸ். லூயிஸின் விசுவாசத்தையும் புனைகதையையும் சேர்த்து ஆராய்ந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பதைத் தமிழில் எழுத வேண்டும் என்பது அவர் ஆசை. தலைப்பில் 'அலிகரி' என்ற ஆங்கில இலக்கியச் சொல்லுக்குத் தமிழ் வர வேண்டிய இடத்தில் 'உருவகம்' என்று எழுதி, அதை அடித்து, 'உருவகக் கதை' என்று மாற்றி, அதையும் அடித்து, ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்.

"எல்லோரும் உருவகம் என்றுதான் எழுதுகிறார்கள், ஐயா. எனக்குத்தான் ஒட்டவில்லை" என்றார்.

ஒட்டாததில் நியாயம் இருக்கிறது. அவர் தேடிய சொல்லின் ஒரு பாதி அந்த 'ஒட்டவில்லை'க்குள்ளேயே இருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

அலிகரி கிரேக்கச் சொல். 'அல்லோஸ்' என்றால் வேறு, பிறிது. 'அகோரா' என்பது ஊர்ச் சந்தையும் மன்றமும் ஒன்றாகக் கூடும் பொதுவிடம். அங்கே எழுந்து நின்று பேசுவதைக் குறிக்கும் வினை அதிலிருந்து பிறந்தது. இரண்டும் சேர்ந்து 'அல்லெகோரியா' ஆயின. நாலு பேர் நடுவில் ஒன்றைச் சொல்லிக்கொண்டே வேறொன்றைப் பேசுவது என்று பொருள். இது கொஞ்சம் பிந்தி வந்த சொல். முன்னோர் 'ஹிபோனோயா' என்று சொன்னதைத்தான் இப்போது அலிகரி என்கிறார்கள் என்று பழைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். 'ஹிபோ' என்றால் கீழே, அடியில். 'நோயா' நினைவைக் குறிக்கும். அடியில் கிடக்கும் கருத்து. தமிழ் படித்தவர் எவருக்கும் இந்த இடத்தில் 'உள்ளுறை' என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிடும்.

வரட்டும், ஆனால் உடனே கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது. தொல்காப்பியர் சொல்லும் உள்ளுறை உவமம் அகப்பாட்டின் சொத்து. வயலில் எருமை தாமரையை மிதித்துக்கொண்டு போவதைப் பாட்டு காட்டும். தலைவனின் பரத்தமை நமக்குப் புரியும். அதற்கு நிலைக்களனாக நிற்பது கருப்பொருள். அதிலும் ஒரு விலக்கு உண்டு: 'உள்ளுறை தெய்வம் ஒழிந்ததை நிலமெனக் கொள்ளும்.' மரமும் மீனும் எருமையும் வரலாம், தெய்வத்தை அந்த வேலைக்கு இழுக்கக் கூடாது. கடவுளைப் பற்றியே பேசும் கதைகளுக்கு இந்தச் சொல்லைத் தூக்கிக் கொடுத்தால் சொல்லுக்கும் நல்லதல்ல, கதைக்கும் நல்லதல்ல.

சரி, தம்பி தேடிய சொல்லுக்கு வருகிறேன். வலியறிதல் அதிகாரத்தில் 475ஆம் குறள்:

பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டஞ்
சால மிகுத்துப் பெயின்.

மயிலிறகுதான், எடையே இல்லை. ஆனாலும் அளவுக்கு மேல் ஏற்றினால் வண்டியின் அச்சு முறிந்துவிடும். குறளில் இவ்வளவுதான். அரசன் என்ற சொல்லும் இல்லை, பகை என்ற சொல்லும் இல்லை. எளிய பகைவர் என்று பலரைச் சேர்த்துக்கொண்டால் வலியவனும் கெடுவான் என்பது கேட்பவர் தானாக எடுத்துக்கொள்வது. பரிமேலழகர் இதைப் பிறிது மொழிதல் என்கிறார். நுவலா நுவற்சி என்பாரும் ஒட்டு என்பாரும் உண்டு என்றும் சொல்லி வைக்கிறார். தம்பியின் 'ஒட்டவில்லை'க்குள் இருந்தது இந்த 'ஒட்டு'தான். பிறிது மொழிதல்: அல்லோஸ் பிறிது, மற்றது மொழிதல். கிரேக்கத்தைப் பார்த்து யாரோ உட்கார்ந்து மொழிபெயர்த்தது போல அசைக்கு அசை பொருந்துகிறது. ஒருவரை ஒருவர் பார்த்து எழுதினார்கள் என்று நான் கதை கட்டப்போவதில்லை. ஒரே தேவைக்கு இரண்டு மொழிகள் ஒரே மாதிரி வாய் திறந்திருக்கின்றன. 'நுவலா நுவற்சி' இன்னும் அழகு. சொல்லாத சொல்.

இதற்கும் உருவகத்துக்கும் உள்ள வேறுபாட்டை எனக்குக் கற்றுக்கொடுத்தது எதிர்வீட்டு ஆச்சி. எண்பதைத் தாண்டியவர். பல வருடம் முன்பு, பெண் வீட்டார் இருவர் வந்து, பக்கத்து ஊரில் ஒரு பெரிய வீட்டைப் பற்றி விசாரித்தார்கள். வரன் தோதாக இருக்குமா என்று கேள்வி. ஆச்சி ஆத்தங்குடிக் கல் தரையில் காலை நீட்டி, பனையோலைக் கொட்டான் ஒன்றுக்கு விளிம்பு கட்டிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவே இல்லை. "வாசலில் நின்றால் புகை நன்றாக வருகிறது. உலையில் அரிசி போட்டார்களா என்று நான் எட்டிப் பார்க்கவில்லை" என்றார். வந்தவர்கள் ஜாதகத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்கள். அந்தக் குடும்பத்தை ஆச்சி ஒரு வார்த்தை குறைத்துச் சொல்லவில்லை. நாளைக்கு யாரும் வந்து சண்டை பிடிக்க முடியாது. இதுதான் பிறிது மொழிதல். "அந்த வீட்டுப் பெருமை வெறும் புகை" என்று சொல்லியிருந்தால் அது உருவகம். பெருமையும் வந்துவிட்டது, புகையும் வந்துவிட்டது, இரண்டும் ஒன்றாகிவிட்டன.

உருவகத்தில் இரண்டு பக்கமும் வாய்விட்டுச் சொல்லப்படும். பிறிது மொழிதலில் ஒரு பக்கம் மௌனம். அலிகரிக்கு 'உருவகம்' என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறவர்கள் தவறவிடுவது இந்த மௌனத்தைத்தான்.

அப்படியானால் உருவகம் என்பது முற்றிலும் பிழையா? இல்லை, சிக்கலே அங்கேதான். ஜான் பனியனை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் கிறித்தவப் போதகர், பெட்போர்டு சிறையில் பன்னிரண்டு ஆண்டு கிடந்தவர். 1678இல் முதல் பகுதி வெளிவந்த அவருடைய நூலைத் தமிழ்க் கிறித்தவ வீடுகள் 'மோட்சப் பிரயாணம்' என்று அறியும். அதில் வரும் அரக்கனுக்குப் பெயரே அவநம்பிக்கை. வழியில் காலைப் பிடித்து இழுக்கும் சேறு, மனச்சோர்வு என்னும் சேறு. 'என்னும்' என்று வந்துவிட்டால் அப்புறம் மறைக்க என்ன இருக்கிறது? பொருளும் அதன் வேஷமும் ஒரே பெயருக்குள் நிற்கின்றன. இது உருவகம்தான். அதிலும் தண்டியலங்காரம் முற்றுருவகம் என்று சொல்லும் வகை: முகத்தைத் தாமரையாக்கி, கண்ணை வண்டாக்கி, புன்னகையைத் தாதாக்கி, பேச்சைத் தேனாக்கி, ஓர் உறுப்பும் மிச்சமில்லாமல் உருவகம் செய்வது. பனியன் மனித வாழ்க்கை முழுவதற்கும் அதைச் செய்தார். குவின்டிலியன் என்ற ரோமானிய ஆசிரியர், உருவகத்தைத் தொடர்ந்து நீட்டினால் அலிகரி என்று சொன்னதும் இந்த வகைக்குச் சரியாக உட்காருகிறது. 'தொடர் உருவகம்' என்று தமிழில் எழுதுகிறவர்கள் அறிந்தோ அறியாமலோ அவரைத்தான் பின்பற்றுகிறார்கள்.

பனியனின் கதையை எடுத்துத் தமிழில் காப்பியமாகவே செய்தவர் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை. நெல்லைச் சீமையில் வைணவக் குடும்பத்தில் 1827இல் பிறந்து, முப்பது வயதுக்குப் பிறகு கிறித்தவரானவர். 1894இல் நூலாக வந்த 'இரட்சணிய யாத்திரிக'த்தில் 3,766 பாடல்கள். கம்பனில் ஊறிய கை என்பது எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் தெரியும். கிறித்தவக் கம்பர் என்று பெயரே வந்துவிட்டது. கம்பனுக்கு 1939இல் கழகம் கண்ட ஊர் எங்கள் காரைக்குடி. பங்குனியில் விழா எடுத்து, நாட்டரசன்கோட்டையில் அவர் சமாதிக்குப் போய் முடிக்கிறோம். கிருஷ்ண பிள்ளையின் பெயரை மட்டும் இங்கே அடிக்கடி கேட்க முடிவதில்லை என்பது என் சொந்தக் குறை.

தம்பி தன் பைபிளிலிருந்து ஒன்றைக் காட்டினார். அது எனக்குப் புதிது. கலாத்தியருக்கு எழுதிய நிருபம் நான்காம் அதிகாரத்தில், ஆபிரகாமின் அடிமைப்பெண் ஆகாரையும் மனைவி சாராளையும் இரண்டு ஏற்பாடுகளாக விரித்துப் பேசும் இடத்தில், பவுல் மூலத்தில் இந்தக் கிரேக்கச் சொல்லின் வினையையே ஆள்கிறார். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அதை 'இவைகள் ஞானார்த்தமுள்ளவைகள்' என்கிறது. ஞானார்த்தம்! கம்பீரமான சொல். ஆனால் அது எழுதுகிறவர் செய்வதைச் சொல்லவில்லை. ஏற்கெனவே இருக்கும் கதையை வாசிக்கிறவர் அதில் காணும் பொருளைச் சொல்கிறது. வேத வியாக்கியானம் பற்றிய இயலில் அதை வைத்துக்கொள்ளச் சொன்னேன். கோயில் தமிழில் 'உவமை' என்றால் இயேசு சொன்ன குட்டிக்கதை, இலக்கணத் தமிழில் 'உவமை' என்றால் 'போல' வருவது. அந்தக் குழப்பத்துக்கும் ஓர் அடிக்குறிப்பு போட்டுவிடலாம்.

இனி லூயிஸ். 1898இல் பெல்பாஸ்டில் பிறந்து, இளமையில் நாத்திகராக இருந்து, 1931இல் கிறித்தவத்துக்குத் திரும்பியவர். அலிகரி அவருக்குத் தொழில்முறைச் சொல். 1933இல் பனியனை ஒட்டித் தாமே ஓர் அலிகரி எழுதினார். இடைக்காலக் காதல் அலிகரிகளைப் பற்றி 1936இல் வெளியிட்ட ஆய்வுதான் அவரை அறிஞராக நிலைநிறுத்தியது. மனத்துக்குள் கோபம் இருக்கிறது, அதற்குத் தீப்பந்தம் ஏந்திய ஓர் ஆளைக் கற்பித்தால் அது அலிகரி. கண்ணில் படும் உலகமே அதைவிட மெய்யான ஒன்றின் நிழல் என்று கண்டு அந்த மெய்யை நோக்கிப் போனால் அது குறியீடு என்று பிரித்தவர் அவர். அப்படிப்பட்டவர், 1950 முதல் 1956 வரை வந்த ஏழு நார்னியா கதைகளை அலிகரி என்று சொன்னபோது மறுத்தார். 1958இல் ஒரு வாசகிக்கு எழுதிய கடிதத்தில் காரணமும் சொன்னார். பனியனின் அரக்கன் அவநம்பிக்கைக்கு நிற்பது போல அஸ்லான் என்ற சிங்கம் கடவுளுக்கு நின்றால் அது அலிகரி. தாம் செய்தது அதுவல்ல. நார்னியா போல ஓர் உலகம் உண்மையிலேயே இருந்து, நம் உலகில் வந்தது போலக் கிறிஸ்து அங்கும் வரத் திருவுளம் கொண்டால் எப்படி இருப்பார் என்று கேட்டுப் பார்த்த கதை அது.

இதற்கு அவர் வைத்த ஆங்கிலச் சொல் 'சப்போசல்'. தம்பி 'அனுமானம்' என்று எழுதியிருந்தார். அனுமானம் புகையைக் கண்டு நெருப்பை அறிவது. அந்தச் சொல்லைத் தருக்க நூலாரிடமே விட்டுவிடுவோம். 'கருதுகோள்' ஆய்வுக்கூட வாடை அடிக்கிறது. நான் சொன்னது பாவனை. மணலைச் சோறாகப் பாவித்துச் சிறுமிகள் பரிமாறும்போது மணல் சோற்றுக்கு உருவகம் அல்ல. விளையாட்டு முடியும் வரை அது சோறுதான். 'பாவனைக் கதை' என்று எழுதலாம். பாவனை செய்வது என்றால் நடிப்பது என்று இன்று ஆகிவிட்டதால் எனக்கே முழுத் திருப்தி இல்லை. இதைவிட நல்லது கிடைக்கும்வரை இருக்கட்டும்.

லூயிஸின் நண்பர் டோல்கியன், அலிகரியே பிடிக்காது என்று 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்ற தம் பெரிய கதையின் இரண்டாம் பதிப்பு முன்னுரையில் சொன்னவர். ஆய்வாளர்கள் அதை மேற்கோள் காட்டி ஓய்ந்துவிட்டார்கள்; எனவே நாம் கடந்துபோகலாம். லூயிஸ் ஆய்வாளர் மைக்கேல் வார்டு 2008இல் எழுதியதுதான் சுவையானது. ஏழு நார்னியா கதைகளும் இடைக்கால வானியலின் ஏழு கோள்களுக்கு ஒவ்வொன்றாக எழுதப்பட்டவை என்பது அவர் வாதம். முதலில் வெளிவந்த கதை வியாழனுடையது, கடைசிக் கதை சனியுடையது. கோளின் பெயரைச் சொல்லாமல் அதன் குணத்தைக் கதை முழுக்கக் காற்றாக லூயிஸ் நிரப்பியிருக்கிறார் என்கிறார். எல்லா ஆய்வாளரும் ஏற்கவில்லை. ராகு, கேதுவை நீக்கிவிட்டால் நம் கோயிலில் சுற்றி வரும் ஏழுதானே என்று தம்பிக்கு ஒரே உற்சாகம். வார்டு சொல்வது சரியானால் அதற்குப் பெயர் உருவகம் அல்ல, நுவலா நுவற்சி. வார்டைப் பற்றிய இயலுக்கு அந்தத் தலைப்பையே கொடுக்கச் சொன்னேன் தம்பியிடம்.

இந்த நேரத்தில் ஆச்சி தெருவைக் கடந்து வந்து திண்ணையில் உட்கார்ந்தார். "என்ன கதை?" என்று கேட்டார். தம்பி முதல் நார்னியா கதையைக் கூச்சத்தோடு சொன்னார்: பனி உறைந்த ஒரு நாடு, துரோகம் செய்த ஒரு பையன், அவனுக்குப் பதிலாகக் கல்மேசையில் உயிரைக் கொடுத்த சிங்கம், விடியும்போது அந்தக் கல் இரண்டாகப் பிளந்து சிங்கம் உயிரோடு நின்றது.

ஆச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தூண் பிளந்ததே, அது மாதிரியா?" என்றார்.

கம்பன் விழாவில் எத்தனை வருடம் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டவர்! வான்மீகியில் இல்லாத இரணியன் வதைப் படலத்தைக் கம்பன் தானாகச் சேர்த்தான் என்பது ஆச்சிக்குத் தெரியும். 'சாணிலும் உளன்' என்று தொடங்கும் பாட்டையும் அங்கேயே சொல்லிக் காட்டினார்.

தம்பி என் முகத்தைப் பார்த்தார். நான் ஆச்சியிடம் கேட்டேன்: "அந்த நரசிங்கம் பெருமாளுக்கு உருவகமா, ஆச்சி?"

"உருவகமாவது! பெருமாளேதானே வந்தார்" என்றார் ஆச்சி, இது கூடத் தெரியாதா என்ற குரலில்.

கிறித்தவ இறையியலில் மனுவுரு எடுத்தது ஒரே ஒரு முறைதான், அவதாரம் என்ற சொல்லை அப்படியே போட்டால் நெறியாளர் ஒப்புக்கொள்ள மாட்டார் என்று தம்பி தயங்கினார். தயக்கம் நியாயமானது. ஆனாலும் சுருக்கத்தை மடித்து வைப்பதற்கு முன்னால், கேள்விக்குறி போட்டிருந்த அந்த ஓரத்தில், பென்சிலால் 'தூண்' என்று எழுதிக்கொண்டார்.