வளைவு அச்சைத் தொட்டதா, வெட்டியதா?

ஒரு வளைவு கீழிருந்து ஏறி வருகிறது. −2 இல் எக்ஸ் அச்சை வெட்டி மேலே போகிறது. கொஞ்சம் உயர்ந்து, திரும்பி இறங்கும்போது ஒய் அச்சை 1 என்ற உயரத்தில் கடக்கிறது. அப்புறம் எக்ஸ் அச்சை 1 இல் தொட்டுவிட்டு, கீழே போகாமல் மறுபடி மேலே ஏறுகிறது. இது எந்தப் பல்லுறுப்புக்கோவையின் வரைபடம்?

அச்சைச் சந்திக்கும் இடத்தில் கோவையின் மதிப்பு பூச்சியம். ஆகவே −2 இல் பூச்சியமாகும் (எக்ஸ் + 2) ஒரு காரணி. 1 இல் பூச்சியமாகும் (எக்ஸ் − 1) இன்னொன்று.

இங்கேதான் பலர் அவசரப்பட்டுவிடுகிறார்கள். வெட்டுவது வேறு, தொடுவது வேறு. (எக்ஸ் − 1) ஒரே முறை இருந்தால், 1 ஐத் தாண்டியதும் கோவையின் குறி மாறும். வளைவு அச்சைக் கடந்தே தீரும். அதுவே இரண்டு முறை இருந்தால் வர்க்கமாகிவிடும். வர்க்கம் ஒருபோதும் எதிர்க்குறி ஆகாது, அதனால் வளைவு தொட்டுத் திரும்புகிறது. ஆக, நம் கோவை:

ஒய் = க (எக்ஸ் + 2)(எக்ஸ் − 1)²

க எவ்வளவு? ஒய் அச்சில் எக்ஸ் பூச்சியம், உயரம் 1. அதைப் போட்டால் 2க = 1; க = 1/2. சரிதானா என்று பார்க்க எக்ஸ் = −1 போடுங்கள். 2 வருகிறது. வரைபடத்தில் வளைவு திரும்பும் உச்சியும் அதே இடத்தில், அதே உயரத்தில் இருக்க வேண்டும்.

தொடும் இடத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். 1 க்குப் பக்கத்தில் (எக்ஸ் + 2) ஏறக்குறைய 3 தான். அங்கே வளைவு 1.5 (எக்ஸ் − 1)² போலவே நடந்துகொள்கிறது. எக்ஸ் = 1.1 இல் உண்மையான உயரம் 0.0155, இந்தப் பரவளையத்தின் உயரம் 0.015. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்: ஒவ்வொரு மூலத்தின் (கோவை பூச்சியமாகும் எக்ஸ் மதிப்பின்) அருகிலும் அதற்குரிய காரணிதான் வளைவின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது.

ஆனால் நான்கு முறை வரும் காரணியும் தொட்டுத்தான் திரும்பும், இன்னும் தட்டையாக. எக்ஸ்² + 1 போன்ற காரணியோ எக்ஸ் அச்சில் தடயமே விடாது. அதனால் கோவையின் படி, அதாவது அதில் வரும் எக்ஸின் மிகப் பெரிய அடுக்கு, தெரிந்திருப்பது நல்லது. படி 3 என்றால் கண்டுபிடிக்க வேண்டிய கெழுக்கள் (எக்ஸின் அடுக்குகளைப் பெருக்கும் எண்களும் தனி எண்ணும்) நான்கு, தேவையான தகவல்களும் நான்கு. வளைவு போகும் நான்கு புள்ளிகள் தெரிந்தாலும் போதும்; புள்ளிகளிலிருந்து கோவையை நேரடியாக எழுதும் சூத்திரத்தை 1779 இல் வேரிங், 1795 இல் லாக்ராஞ்ச் என்ற கணிதவியலாளர்கள் தந்தார்கள். நம்மிடம் இருந்ததோ மூன்றே புள்ளிகள். நான்காவது தகவல் அந்தத் தொடுதலில் இருந்தது: அங்கே உயரமும் பூச்சியம், சாய்வும் பூச்சியம்.